பெட்டிக்கு ஒரு பங்கு

தம்பி, ஒரு நிமிஷம். அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்டுக்குங்க. கேட்டதுக்கப்புறமும் பிரிக்கணும்னு தோணுச்சுன்னா உங்க இஷ்டம்.

பஸ்ல இந்த ஃப்ரிட்ஜ் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான் கண்டக்டர். சரின்னு போட்டுக்கிட்டு சீட்ல எனக்குப் பக்கத்துல வச்சேன். "பெரியவரே, அதைக் கீழ இறக்குங்க, ஆளுக்குத்தான் சீட்டு"ங்கிறான். இதுவும் ஆளுதான்யான்னேன். பஸ்ஸே சிரிக்குது. சிரிக்கிறதுக்கு நான் சொல்லல தம்பி. எங்க ஊர்க் கூட்டத்துல தீர்ப்பே அப்புடித்தான் சொல்லியிருக்கு.

பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கிறீங்க. இந்தப் பெட்டியால வத்தையில என் இடமே போச்சு. அந்த இடம் திரும்பக் கெடைக்குமா கெடைக்காதான்னு இப்ப உங்க கையிலதான் இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன், பிரிக்காதீங்க.

எம் பேரு களஞ்சியம். தொண்டிக்குத் தெக்க எங்க ஊரு. வத்தை தெரியும்ல? பாய் வச்ச சின்னப் படகு. இன்ஜின் கிடையாது, சத்தம் கிடையாது, காத்து எங்கிட்டு அடிக்குதோ அதைப் பிடிச்சுப் போகணும். எங்க வத்தையில நாலு பேரு. சுக்கான் பிடிக்கிறது எங்க மச்சான் வில்லாயுதம், என் அக்காவைக் கட்டினவரு. பாய்க்கயிறு நம்புராஜன். நண்டு வலைக்குச் சாத்தையா. நாலாவது ஆள் நான். காத்து பாயை அமுக்கி வத்தை ஒரு பக்கமாச் சாயும்போது, எதிர்ப்பக்கம் குறுக்குப் பலகையில ஏறி உக்காந்து நிமிர்த்தணும் பாருங்க, அது என் வேலை. சும்மா உக்கார்றதுதானேம்பானுங்க. அது உக்கார்றது இல்ல தம்பி, வித்தை. இருபது வயசுல ஏறி உக்காந்த பலகை. என் பின்பக்கத்துக்கு ஏத்த மாதிரி தேஞ்சே போச்சு.

அதோட, பேச்சுத்துணைக்கும் நான்தான். மத்த மூணு பேரும் கரையை விட்டா வாயைத் திறக்க மாட்டானுங்க. நான்தான் போறப்ப ஊர்க்கதை, வர்றப்ப உலகக்கதை. நான் பேசுறதைக் கேக்கத்தான் அவனுங்க கடலுக்கே வர்றானுங்கன்னு வச்சுக்குங்களேன். சாத்தையா காதுல பஞ்சு வச்சிருப்பான். கடல் காத்து ஆகாது அவனுக்கு, பாவம்.

சரி, பெட்டிக்கு வர்றேன்.

போன வருஷம் எங்க ஊர் வத்தைப் பந்தயம் பாக்க பாண்டிச்சேரியில இருந்து ஒருத்தர் அவரோட பாய்மரப் படகுலயே வந்தாரு. நம்ம வத்தையை விட ஒரு முழம் நீளம், அவ்வளவுதான். என்னை ஏத்தி உக்கார வச்சு, பலகைக்கு அடியில இருந்து ஒரு மூடியைத் திறந்து, சாத்துக்குடி ஜூஸ் எடுத்துக் குடுத்தாரு. தம்பி, பல்லு கூசுது! நடுக்கடல்ல! மேல வெயிலு மண்டையைப் பொளக்குது, கையில கிளாஸ் வேர்க்குது. "இது என்னங்கய்யா"ன்னேன். "ஃப்ரிட்ஜ்"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. அவரு படகுலயும் பாய்தான், நம்ம படகுலயும் பாய்தான். அவருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

மறுநாள் மச்சான்கிட்டச் சொன்னேன். அவரு வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டாரு, "விடியக்காலம் போயி மத்தியானம் திரும்புற வத்தைக்கு எதுக்கு மாப்ள ஃப்ரிட்ஜு?" நண்டு கெட்டுப்போகாம இருக்குமே மச்சான்னேன். "நண்டு உசுரோட தான வருது?" உசுரோட வர்ற நண்டு இன்னும் நல்லா உசுரோட வருமேன்னேன். அவரு வெத்தலையைத் துப்பிட்டு வந்தாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "என்னமோ வாங்கு. ஆனா வத்தையோட நிதானம் கெடக்கூடாது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டேன். வாங்குறதை முறையா வாங்கணும்ல? வத்தையில ஒரு சாமான் ஏத்தணும்னா எவ்வளவு இடம், எவ்வளவு எடைன்னு தெரியணும். எனக்கு அளவு தெரிஞ்ச இடம் வத்தையில ஒண்ணுதான், நான் உக்கார்ற இடம். கயிறு வச்சு அதை அளந்தேன். ரேஷன் கடைத் தராசுல ஏறி என் எடையைப் பாத்துக்கிட்டேன். அந்தக் கயிறோட ராமநாதபுரத்துல ஒரு கடை விடல.

முதல் கடையில காருக்குள்ள வைக்கிறதுன்னு ஒண்ணு காமிச்சான். எடை பூவா இருந்துச்சு. "வெளியில எவ்வளவு சூடோ, அதுல இருந்து கொஞ்சம் குறைக்கும்"னான். எங்க கடல்ல வெயிலு எவ்வளவுன்னு சொன்னேன். "அப்ப வெந்நி கொஞ்சம் ஆறின மாதிரி இருக்கும்"னான். நேர்மையான ஆளு, வாழ்க. ரெண்டாவது கடையில லாட்ஜு ரூம்ல வைக்கிறது. சிலிண்டர்லயும் ஓடும், சத்தமே வராது, தங்கமான சாமான்னான். "ஒரே ஒரு கண்டிசன், சமதளத்துல வைக்கணும்." கடல்ல ஏதுய்யா சமதளம்? அவன் யோசிச்சுட்டு, "படகை நிறுத்திட்டு ஓட்டுங்க"ன்னான். வெளிய வந்துட்டேன்.

மூணாவது இந்தப் பெட்டி. லாரிக்காரங்க வச்சுக்கிறது. கம்ப்ரசர் வச்சது, பேட்டரியில ஓடும், பேட்டரிக்கு வெயில்ல சார்ஜ் ஏத்த ஒரு தகடு. கயிறு போட்டுப் பாக்குறேன், அப்புடியே பொருந்துது! மேல ஏறி உக்காந்து பாத்தேன், தாங்குச்சு. கடைக்காரனை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலை மாதிரி ஆட்டச் சொன்னேன். அவன் ஆட்டினான், நான் மேல உக்காந்து பலகையைச் சரிக்கட்டுற மாதிரி சரிக்கட்டினேன். வாடிக்கைக்காரங்க கூடிட்டாங்க. பெட்டி, பேட்டரி, தகடு மூணையும் தராசுல ஏத்தினா, கிட்டத்தட்ட என் எடை! நான் ஒல்லின்னு உங்களுக்கே தெரியுது. ஆனா அன்னிக்கு எனக்கு வந்த சந்தோசம் என் கல்யாணத்தன்னிக்கு வரல. சாமி பாத்துக் குடுத்த பொருத்தம்னு நினைச்சேன்.

கடைக்காரன் கடைசியில ஒண்ணு சொன்னான். "ரொம்பச் சாய்க்காதீங்க. சாஞ்சிருச்சுன்னா ஆஃப் பண்ணி, நிமிர்த்தி வச்சு, கொஞ்ச நேரம் ரெஸ்ட் குடுத்துட்டு ஆன் பண்ணுங்க." இதை மட்டும் நான் வேதமா எடுத்துக்கிட்டேன்.

பெட்டியை என் இடத்துல கட்டியாச்சு. அப்ப நான் எங்க உக்கார்றது? பெட்டி மேலதான். ஏறி உக்காந்துக்கிட்டேன். காத்து வரும், வத்தை சாயும், நான் கத்துவேன், "மச்சான், பெட்டி சாயுது!" மச்சான் பாயைத் தளத்தச் சொல்லுவாரு. வத்தை நிமிரும், வேகம் செத்துப்போகும். "மச்சான், இப்ப பெட்டிக்கு ரெஸ்ட்!" அப்புடியே நிப்போம். மத்த வத்தையெல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். போறவனெல்லாம் "என்னப்பா, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டுட்டுப் போவான். நான் பதிலுக்கு ஒவ்வொருத்தனுக்கும் கம்ப்ரசர்னா என்னன்னு விளக்கம் சொல்லுவேன். அறிவு நாலு பேருக்குப் பரவட்டும்னுதான்.

கரைக்கு வந்து பெட்டியைத் திறந்தா, நண்டெல்லாம் குளிர்ல விறைச்சுப் படுத்திருக்கு. நண்டு வாங்குற ஏவாரி பாத்தான். "செத்த நண்டு எனக்கு வேணாம்"னான். சாகலைய்யா, தூங்குதுன்னேன். "எந்திரிச்சதும் சொல்லி விடுங்க"ன்னுட்டு அவன் போய்ட்டான். நாங்க நாலு பேரும் மணல்ல நண்டைப் பரப்பி வச்சு, எழுந்திரிக்குமான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒண்ணு ரெண்டு எந்திரிச்சுச்சு. எந்திரிச்சு நேரா கடலுக்குள்ள போயிருச்சு.

அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள நண்டு வைக்கல. மச்சானோட மோரும் தண்ணிப் பாட்டிலும்தான். ஆனா அதுக்காகப் பெட்டி சும்மா இருக்குன்னு சொல்ல முடியுமா? ஓடிக்கிட்டுதான இருக்கு?

இங்கதான் தம்பி பிரச்சினை. எங்க வழக்கத்துல, பிடிச்சதைப் பங்கு போடும்போது வத்தைக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. நான் கேட்டது நியாயம்தான? வத்தை என்ன உழைக்குதா? வலை என்ன உழைக்குதா? அதுகளுக்கே உண்டுன்னா, வெயில்ல கிடந்து ஓடுற பெட்டிக்கு எங்க பங்கு? நம்புராஜன் சொன்னான், "வலை நண்டு பிடிக்குது. வத்தை நம்மளைச் சுமக்குது. பெட்டி என்ன பண்ணுது?" குளிர வைக்குதுன்னேன். "யாரை?" மோரைன்னேன். "மோரை மச்சான் குடிக்கிறாரு. அவருகிட்டப் பங்கு வாங்கிக்க." இது பேச்சா தம்பி? நாலு ஜனத்துகிட்டப் போவோம்னு சொல்லிட்டேன். எனக்கு நியாயம் முக்கியம்.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னாடி. பெட்டியையும் கொண்டாந்து வச்சேன், துணி போட்டு மூடி. தலைவர் நிதானமான மனுசன். எல்லாத்தையும் கேட்டாரு. நான்தான் ரொம்ப நேரம் பேசினேன். விளக்கேத்துற நேரத்துல தொடங்கினது, பாதிப் பேரு சாப்பிடப் போயிட்டு வந்துட்டானுங்க. அப்புறம் அவரு மச்சானைப் பாத்துக் கேட்டாரு.

"பெட்டி தெனமும் கடலுக்கு வருதா?"

"வருது."

"ஒரு இடத்தை அடைக்குதா?"

"அடைக்குது. களஞ்சியம் இடம்தான், சரியா அந்த அளவு."

"எடை?"

"எடையும் அதே."

"காத்துல சாஞ்சா வத்தையைத் தாங்குமா?"

மச்சான் என்னைப் பாக்காம சொன்னாரு, "தாங்கும்."

தலைவர் மீசையைத் தடவினாரு. "வத்தை, வலை மாதிரி இதைச் சாமான்னு நான் நினைக்கல. கடலுக்கு வருது, இடத்துல உக்காருது, நடுவுல ரெஸ்டும் எடுக்குது. இது ஆளு. ஆள் பங்கு உண்டு."

தம்பி, ஜெயிச்சுட்டேன்! நான் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பத்தான் அவரு, "உக்காரு, இன்னும் முடிக்கல"ன்னாரு.

எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு ஒரே வத்தையில போகக்கூடாது. அப்பனும் மகனும் போகக்கூடாது, ஒரு அடுப்புல சாப்பிடுற அண்ணன் தம்பி போகக்கூடாது. கடலு என்னைக்கு என்ன செய்யும்னு தெரியாது. ஒரு வீட்டுல ரெண்டு விளக்கும் ஒரே நாள்ல அணையக் கூடாது. அது பெரியவங்க அழுது வச்ச சட்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

"பெட்டி யாரு வீட்டு ஆளு?"ன்னாரு தலைவர்.

நான் என்ன சொல்ல? வேற வீட்டு ஆளுன்னா பங்கு வேற வீட்டுக்குப் போயிரும். "எங்க வீட்டு ஆளுதாங்க"ன்னேன்.

"அப்ப நீயும் அதுவும் ஒரே வத்தையில போகக்கூடாது. யாரு போறீங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

யாருகிட்டப் பேசுறது தம்பி? பெட்டியைப் பாத்தேன். அது ம்ம்ம்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் பின்னால இருந்து என் சம்சாரம் பஞ்சவர்ணம் சத்தம் குடுத்தா, "பெட்டியே போகட்டும்!"

அதோட முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, கேஸ்ல ஜெயிச்சது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

அதுக்கப்புறம் தெனமும் விடியக்காலம் மச்சான் எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. நான் பாத்துக்கிட்டு நிப்பேன். மத்தியானம் பெட்டி வரும், பெட்டி மேல பங்கு வரும். பஞ்சவர்ணம் நல்ல துணியால அதைத் துடைச்சு, ஃபேனுக்கு அடியில வைப்பா. ஃபேனுக்கு அடியில நான் உக்கார்ற இடம் அது. "அது கடல்ல போயிட்டு வந்திருக்கு, நீங்க என்ன பண்ணுனீங்க"ம்பா. கண்ணு படும்னு கறுப்புக் கயிறு கட்டி விட்டா. இதோ, கைப்பிடியில இருக்கு பாருங்க. "உங்களை விட இது தேவலை. குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லாது"ன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்குக் கேக்குற மாதிரிதான்.

திருவிழா வரி வாங்க வந்தாங்க. கடலுக்குப் போற ஆம்பளைக்குத் தலைவரி. எனக்குக் கேக்கல, பெட்டிக்குக் கேட்டாங்க. கட்டினேன். வரி கட்டினவனுக்குத்தான் கூட்டத்துல பேச உரிமை. அடுத்த கூட்டத்துல நான் எந்திரிச்சேன், "களஞ்சியம், நீ உக்காரு, உங்க வீட்டுப் பெட்டி இருக்கு, அது பேசட்டும்"னாங்க. பெட்டி என்ன பேசும்? அது பேசாததுக்கே "எவ்வளவு அடக்கம் பாரு"ன்னு ஒருத்தன் சொல்றான். இந்த வருஷம் பந்தயத்துல எங்க வத்தை ரெண்டாவதா வந்துச்சு. என் காலத்துல ஒரு தடவைகூட வந்தது இல்ல. அன்னிக்குக் காத்து அப்புடி, வேற ஒண்ணும் இல்ல. வத்தையில போன மூணு பேருக்கும் துண்டு போத்துனாங்க. பெட்டிக்கும் போத்துனாங்க. பச்சைத் துண்டு. அது வீட்டுலதான் இருக்கு, நான் தொடுறது இல்ல.

தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. பகல்ல கரையில உக்காந்து பாயை எண்ணிக்கிட்டு இருப்பேன். எங்க வத்தைப் பாய் தூரத்துல திரும்புறப்ப, என் இடுப்பு தன்னால இங்கிட்டுச் சரியும். தரையில உக்காந்துக்கிட்டுச் சரிக்கட்டுவேன். பாக்குறவன் பைத்தியம்னு நினைப்பான். பேசுறதுக்கும் ஆள் இல்ல. கரையில யாரு நின்னு கேக்குறான்? கடல்லன்னா எந்திரிச்சுப் போக முடியாது. ரொம்ப அழுதேன்னு சொல்ல மாட்டேன். அழுதேன்.

அப்பத்தான் போன வாரம் பெட்டி நின்னு போச்சு. திடீர்னு. நான் தொடல தம்பி, குலசாமி மேல சத்தியம். கடல்ல அதைத் தொடுறது மச்சான் மட்டும்தான். அவருதான் அதைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. "மாப்ள, பெட்டிக்கு முடியல. அது எந்திரிக்கிற வரைக்கும் அதுக்குப் பதிலா நீ வர்றியா?"

வர்றியாவா! செருப்பைக்கூடத் தேடல, ஓடுனேன். தலைவரும் சரின்னுட்டாரு, ஆனா பதில் ஆளுக்கு அரைப் பங்குதான்னு சொல்லிட்டாரு. பரவாயில்ல. மச்சான் மட்டும் ஒரு கண்டிசன் போட்டாரு. "பெட்டிக்குப் பதிலா வர்ற. பெட்டி மாதிரியே வரணும். பேசக்கூடாது."

பேசல தம்பி! நானு! ஆறு நாளு வாயைத் திறக்கல. ம்ம்ம்னுகூடச் சொல்லல. பலகையில உக்காந்தேன், சாஞ்சேன், நிமிர்த்தினேன். சொல்லணும்னு எத்தனையோ வந்துச்சு, எல்லாத்தையும் முழுங்கினேன். ஒரு நாள் மச்சான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு டப்பாவைத் திறக்குறாரு, உள்ள என்னமோ கிலுகிலுங்குது. எட்டிப் பாத்தேன். சின்னதா கண்ணாடிக் குழாயி, ரெண்டு முனையிலயும் தகரத் தொப்பி. மாத்திரைக் குப்பியோன்னு நினைச்சேன். மச்சானுக்கு உடம்புக்கு என்னமோ, எங்ககிட்ட மறைக்கிறாருன்னு பயந்துட்டேன். ஆனா கேக்க முடியாது. நான் பெட்டி. பெட்டி கேக்குமா?

நேத்து திரும்பி வர்றப்ப காத்து நல்லா இருந்துச்சு. சாத்தையா காதுல பஞ்சைக் காணோம். மச்சான் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாக்காம, கடலைப் பாத்துக்கிட்டு சொன்னாரு, "என்ன மாப்ள, பெட்டியை விட மோசமா இருக்க. ஏதாச்சும் பேசு." துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். அப்புறம் கரை வர்ற வரைக்கும் பேச்சை நிறுத்தலைன்னு வைங்க.

வீட்டுக்கு வந்தா பஞ்சவர்ணம் பெட்டியை மூட்டை கட்டி வச்சிருக்கா. அரைப் பங்குல அடுப்பு எரியாதாம், நாளைக்கே போயி சரி பண்ணிட்டு வாங்கன்னு தள்ளி விட்டா. மச்சான்கிட்டச் சொன்னேன். "என்ன அவசரம், பாத்துக்கிரலாம்"னாரு. சொல்லிட்டு வேகமா எந்திரிச்சுப் போயிட்டாரு. அதான் கேக்குறேன் தம்பி, கொஞ்ச நாளைக்கு இதைச் சரி பண்ணாதீங்க. கம்ப்ரசருக்கு ரெஸ்ட் வேணும்னு சொல்லுங்க. சாய்ச்சு ஓட்டிட்டோம்னு சொல்லுங்க. பழியை என் மேலயே போடுங்க.

என்ன தம்பி, அந்த வயரையே உருட்டிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? பிரிக்க வேணாம்னேன்ல?

ஃபியூஸா? எரிஞ்சு போச்சா?

எரியலையா? இல்லவே இல்லையா? அது எங்க போகும், விழுந்திருக்கும். திருகு மூடி போட்டதா? அப்ப விழாது. யாராச்சும் கழட்டினாத்தானா... யாரு கழட்டப் போறா?

எப்புடி இருக்கும் தம்பி அது? காட்டுங்க.

கண்ணாடி.

ரெண்டு முனையிலயும் தகரத் தொப்பி...

ஒண்ணும் இல்ல. தண்ணி இருந்தா குடுங்க.

போதும். இல்ல, புதுசு போடாதீங்க, அதை உங்க டப்பாக்குள்ளயே திரும்ப வைங்க. மூடியைத் திருகிருங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும், அந்த மூலையில, வெயில் படாம. கறுப்புக் கயிறை அவுக்காதீங்க. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும், விடிஞ்சா கடல். யாராச்சும் வந்து கேட்டா, சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும், நாளாகும்னு சொல்லிருங்க. எங்க மச்சான் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க.

அவரு நம்புவாரு.